நாயின் என்பும் மனிதனின் கடனும்

என்புப் புற்றுநோய் கண்ட ஒரு நாயின் காலிலிருந்தும் அதே நோய் கண்ட ஒரு சிறுவனின் காலிலிருந்தும் எடுத்த இழையத் துண்டுகளை நுணுக்குக்காட்டியின் கீழ் அடுத்தடுத்து வைத்தால், எது நாயினது, எது சிறுவனது என்று கூறத் தேர்ந்த நோயியலாளரும் தடுமாறுவர். ஒஸ்ரியோசார்க்கோமா எனப்படும் இந்நோய் ஈரினத்திலும் பெரும்பாலும் கைகால்களின் நீண்ட என்புகளிலே தோன்றுகின்றது. ஈரினத்திலும் நுரையீரலுக்குப் பரவியே உயிரைக் கொள்கின்றது. மனிதருள் இது வளரிளம் பருவத்தினரையே மிகுதியும் நாடுகின்றது. நாய்களுள் உடல் பெருத்த வகைகளை. ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1000 மனிதரிடம் காணப்படும் இந்நோய், நாய்களுள் 10,000க்கு மேற்பட்டவற்றைப் பீடிக்கின்றது.

ஒப்புமை இழையத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு கலம் வளர வேண்டுமா, பிரிய வேண்டுமா, மடிய வேண்டுமா என்ற செய்தி, கலத்தின் மேற்பரப்பிலிருந்து அதன் கருவரை புரதத்துக்குப் புரதம் கைமாறிச் செல்கின்றது. இவற்றுள் எம்ரோர் என்னும் புரதம், கலத்துக்கு வேண்டிய உணவு உண்டா என்பதை அறிந்து வளர்ச்சிக்கு இசைவு தருவது. புற்றுநோயில் இவ்விசைவு ஓயாது வழங்கப்படுவதுண்டு. நாயிலும் மனிதனிலும் இப்புரதம் ஏறக்குறைய ஒன்றே. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த பற்றீரியா ஒன்றிலிருந்து பெறப்பட்ட சிரோலிமஸ் என்னும் மருந்து ஈரினத்திலும் அதனை அடக்கவல்லது. (கலைப்பீடத்தான் கலத்தைப் பற்றிப் பேசுவதை விஞ்ஞானபீட நண்பர்கள் பொறுத்தருள்க.)

நாயிடம் கற்றதை மனிதனுக்குப் பயன்படுத்தலாம் என்பது இவ்வொப்புமையிலிருந்து விஞ்ஞானி பெறும் முடிவு. அதே எடுகூற்றிலிருந்து மெய்யியல் மாணவன் மற்றொரு முடிவையும் பெறவேண்டியவனாகின்றான்: நாயின் நோவும் நம் நோவை ஒத்ததே. விலங்கைப் பொறியாகக் கண்ட டேக்கார்ட்டுக்கு இச்சங்கடம் இல்லை. நமக்கோ, முதல் முடிவை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவிட உரிமையில்லை.

1989ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மிருக வைத்தியர் மக்கியூவனும் அவர்தம் குழுவினரும், இந்நோய் இயல்பாகவே கண்ட 27 வளர்ப்பு நாய்களுக்கு நோயுற்ற காலை அகற்றியபின், ஒரு பகுதியினவற்றுக்கு உடலின் காவற்கலங்களைத் தூண்டும் மருந்தொன்றைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்துச் செலுத்தினர். ஏனையவை வெற்றுக் குமிழிகளையே பெற்றன. மருந்து பெற்றவற்றின் இடைநிலை ஆயுள் 222 நாட்கள். வெற்றுக் குமிழி பெற்றவற்றினது 77 நாட்கள்.

வெற்றுக் குமிழி பெற்ற நாய்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதா? ஆம் என்றே முதலில் எண்ணினேன். 2021இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. 324 நாய்களைக் கொண்ட அவ்வாய்வில், வழக்கமான சிகிச்சையோடு சிரோலிமஸ் பெற்ற நாய்கள் அதனைப் பெறாதவற்றிலும் நீண்டகாலம் வாழவில்லை. எம்ரோர் பற்றி அறிந்திருந்த அத்தனையும் அம்மருந்துக்குச் சார்பாக இருந்தும் முடிவு அதுவே. ஆகவே தொடக்கத்தில் எப்பகுதி பேறுடையது என்பதை எவரும் அறியார்; அந்த அறியாமை உண்மையானதாக இருக்கும்வரை, சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதை அநீதி எனல் பொருந்தாது.

ஆயினும் சம்மதம் பற்றிய வினா எஞ்சுகின்றது. நாய்க்காக அதன் உரிமையாளர் கையொப்பமிடுகின்றார். நோயுற்ற குழந்தைக்காகப் பெற்றோரும் அவ்வாறே செய்கின்றனர் எனலாம். ஆனால் குழந்தை வளர்ந்தபின் தன் துன்பத்துக்குத் தானே பொருள் கொடுக்கக்கூடும். 1977இல் இதே நோயினால் வலது காலை இழந்த கனேடிய இளைஞர் ரெறி பொக்ஸ், 1980இல் செயற்கைக் காலோடு 143 நாட்கள் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். மறு ஆண்டில், 22 வயதில், மறைந்தார். தம் நோவு பிறருக்கு உதவட்டும் என்று அவரால் தீர்மானிக்க முடிந்தது. நாய்க்கு அத்தகைய ஆறுதல் இல்லை. இன்றைய உணவும் இன்றைய ஓட்டமும் வலியற்ற உறக்கமுமே அதன் உலகம். ஆதலின் ஓர் ஆய்வு நாய்க்கு நீட்டிக்கொடுக்கும் மாதங்கள் அந்நாய்க்கே இனியவையாதல் வேண்டும். மூன்று காலிலும் அது மகிழ்ந்து ஓடுமாயின் சிகிச்சை தகும். ஓடாதாயின், மனிதகுலம் பெறவிருக்கும் அறிவைக் காட்டி அதன் நாட்களை நீட்டுவது தகாது. நலமுள்ள நாயில் நோயை வேண்டுமென்றே உண்டாக்குவதை இவ்வளவுகோல் அறவே விலக்குகின்றது.

நெடுங்காலம் உழைத்து முதுமையுற்ற நாயை இறுதிவரை பேணவேண்டும் என்று கான்ற் கூறினார். ஆனால் அக்கடமை நாய்க்கு உரியதன்று, மனிதத்துக்கே உரியது என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின் நாய் நமக்குக் கடன் கொடுத்த ஒருவராக ஒருபோதும் வரமாட்டாது. இதனை என்னால் ஏற்க முடியவில்லை. மக்கியூவன் நாய்களிற் சோதித்த அம்மருந்து, மிபமூரைட் என்னும் பெயரில் மனிதருக்காக 2009இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. நாய்களுக்கான மருந்தாக அது சந்தைக்கு வரவில்லை. செலவு மிகுதி, வாங்குவோர் குறைவு என்ற காரணங்களை நான் அறிவேன். அவை கடனைத் திருப்பிக் கொடாமைக்கான காரணங்கள். கடனே இல்லை என்பதற்கானவையல்ல. உரிமையாளரிடம் கையொப்பம் பெறும் பத்திரத்தில், மருந்து பயன் தருமாயின் அது நாய்களுக்கும் கிடைக்க வழி செய்யப்படும் என்று ஒரு வாசகம் சேர்ப்பது அத்துணை அரியதாக எனக்குத் தோன்றவில்லை.