கழற்றிய கூரை யாருக்கு?

தீங்கு தரும் என்று அஞ்சித் தம் வீட்டிலிருந்து நீக்கிய ஒரு பொருளைத் தம்மினும் ஏழையான ஒருவருக்குக் கொடுத்தால் அது தருமமாகுமா? இவ்வாறு கேட்டால், 'ஆகாது' என்று எவரும் உடனே விடை பகர்ந்துவிடுவர். ஆனால் அதே செயலை நம் ஊர்களில் நல்லவர்களும் தொழுகையாளிகளும் கொடைக்குப் பெயர் பெற்றவர்களும் மனநிறைவோடு செய்து வருகின்றனர். பெறுவோரும் நன்றி கூறிப் பெற்றுச் செல்கின்றனர். நாம் சொல்ல வருவது பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளைப் பற்றி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையின் இருமருங்கும் முப்பதாண்டுகளுக்கு முன் எப்படி இருந்தன என்பதை அப்பகுதி முதியோர் அறிவர். ஏரியும் ஏரிப் பாசனமும் நம்பிய சிற்றூர்கள் அவை. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் நிஸான் ஆலை வந்தது. இவற்றுக்கு முன்னும் பின்னும் உதிரி பாகத் தொழிற்சாலைகள் எண்ணற்றவை எழுந்தன. வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. நிலமுடையோர் லைன் வீடுகள் கட்டினர். இருந்த வீட்டின் முன்னே ஒரு சார்ப்பு, மாடியில் ஓர் அறை, கொல்லையில் ஒரு குளியலறை என்று இணைத்து வாடகைக்கு விட்டனர். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கூரை சாம்பல் நிற நெளிவு ஷீட்டுதான். கீற்றைப் போல் எரியாது. நாட்டு ஓட்டைப் போல் ஆண்டுதோறும் மாற்றி அடுக்க வேண்டாம். கான்கிரீட்டைப் போல் செலவில்லை. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஏழையின் கூரை என்றும், நடுத்தரக் குடும்பத்தின் முதல் சொந்தக் கூரை என்றும் அதைக் கூறலாம். இழிவாகப் பேச நமக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாதென்று அரசு உத்தரவிட்டது. அந்தப் பேரிழவுக்குப் பின், எரியாத கூரையே நல்ல கூரை என்ற எண்ணம் தமிழகத்தில் ஆழ வேரூன்றியது. கண்ணுக்குத் தெரிந்த நெருப்பிலிருந்து பிள்ளைகளைக் காக்க முனைந்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குறித்து எண்ணாமற் போனதில் வியப்பில்லை.

அந்தக் கண்ணுக்குத் தெரியாதது எது? ஆஸ்பெஸ்டாஸ் என்பது மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் ஒரு கனிமம். கல்லாயிருந்தும் நாராய்ப் பிரியும் தன்மையால் தமிழில் கல்நார் என்று பொருத்தமாகப் பெயரிட்டனர். கூரை ஷீட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு முதல் பத்துப் பங்கு கல்நாரும் எஞ்சியது பெரும்பாலும் சிமெண்டுமாகும். சிமெண்டு பிடித்து வைத்திருக்கும் வரை நார் அடங்கிக் கிடக்கும். அறுத்தாலும் துளையிட்டாலும் உடைத்தாலும், பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் மேற்பரப்பு அரித்துப் போனாலும், அந்த நார் தூளாகிக் காற்றில் கலக்கும். தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியதாகையால் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழத்துக்கே சென்று படிந்துவிடும். உடல் அதைக் கரைக்கவும் மாட்டாது; முழுவதும் வெளியேற்றவும் மாட்டாது.

இது நேற்றுக் கண்டறிந்த செய்தியன்று. பிரிட்டனில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் முப்பத்து மூன்று வயதில் இறந்தபோது, அவரது நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், கல்நார்த் தூசியே காரணம் என்று மருத்துவ இதழில் எழுதினார். 1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆய்வு, நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயைக் கல்நாரோடு இணைத்துக் காட்டியது. நோயுற்றோரில் சுரங்கத்தில் இறங்கியே அறியாத, அதன் அருகே குடியிருந்தவர்களும் இருந்தனர். 1965இல் லண்டனில் வெளியான ஆய்வில், தொழிலாளியின் தூசி படிந்த உடையைத் துவைத்த வீட்டுப் பெண்களும் அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். குடும்பப் பெண்கள் படிக்கும் இந்த இதழில் அதைச் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். கணவன் சம்பாதித்து வந்த கூலியோடு அவன் சட்டையில் ஒட்டி வந்தது அந்த நோய்.

நோய் உடனே வருவதில்லை. இருபது, முப்பது, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் உள்ளே உறங்கிக் கிடந்து எழும். பணியிடத்துக் கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பிரிட்டன் 1999இலும் ஆஸ்திரேலியா 2003இன் இறுதியிலும் எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்தன. நம் நாட்டில் வெள்ளைக் கல்நார் இன்னும் இறக்குமதியாகிறது. ஷீட்டும் சட்டப்படியே விற்பனையாகிறது.

இவ்வளவும் சொன்னது அச்சமூட்டுவதற்கன்று. முழுமையாய், அசையாமல், வெடிப்பின்றி மேலே கிடக்கும் ஷீட்டு, கீழே உறங்குபவரை அன்றைக்கே கொல்லும் நாகமன்று. அத்தகைய கூரையின் கீழ் வாழ்ந்து முதுமையடைந்தோர் பலர். அதனைத் தொடாமல் விட்டுவைப்பதே பல வீடுகளில் முதற் பாதுகாப்பு. மின்விசிறிக்கும் கேபிளுக்கும் துளை போடாதிருத்தல், பாசியை நீக்கக் கம்பித் தூரிகை கொண்டு தேய்க்காதிருத்தல், விசைநீர் பாய்ச்சிக் கழுவாதிருத்தல் ஆகியவையே போதும். தீங்கு பெரும்பாலும் கழற்றும் நாளில்தான் பிறக்கிறது. இப்போது அப்பகுதியில் நிலமும் வாடகையும் உயர்ந்து, பழைய சார்ப்புகள் இடிபட்டுக் கான்கிரீட் தளங்கள் எழுகின்றன. ஆகவே கழற்றும் நாள் தெருவுக்குத் தெரு வந்துகொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், முன்சார்ப்பைப் பிரித்துவிட்டுத் தளம் போடுகிறோம். இருபது ஷீட்டு இருக்கிறது. பின்தெருவில் வடநாட்டுப் பையன்கள் தங்கும் கொட்டகை ஒழுகுகிறது. ஸதகா நிய்யத்தில் கொடுத்துவிடலாமல்லவா?" என்றார். "ஹாஜியார், நன்றாயிருக்கும் சார்ப்பை ஏன் பிரிக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "பேரனுக்கு இளைப்பு. இந்தக் கூரையின் தூசி ஆகாது என்கிறார்கள்" என்றார். சொன்ன பிறகு அவரே சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "ஆனாலும் ஹஜ்ரத், மழையில் நனைவதைவிட இது மேலல்லவா?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்வி எளிதாகத் தள்ளத்தக்கதன்று. முப்பதாண்டுக்குப் பின் வரலாம், வராமலும் போகலாம் என்னும் நோயைக் காட்டி, இன்றிரவு நனைகின்றவனுக்குக் கூரையை மறுப்பது கல்நெஞ்சமல்லவா என்று எவரும் கேட்பர். தேவை என்பது சட்டத்தையும் தளர்த்தும் என்பதை நாம் மதரஸாவில் ஓதியவர்களே. எனினும் எவருடைய தேவை எதைத் தளர்த்துகிறது என்று பார்க்க வேண்டும். நனைகின்றவன் வேறு வழியின்றி அந்த ஷீட்டை எடுத்துப் போர்த்திக்கொண்டால் அவன்மீது குற்றமில்லை. கொடுப்பவருக்கோ வேறு வழி இருக்கிறது. இருபது பழைய ஷீட்டுக்குப் பதில் நான்கு புதிய தகர ஷீட்டின் விலையை அவர் கொடுக்கலாம். தளம் போடுகின்றவருக்கு அது தாங்காத செலவன்று. தாம் பெற நேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டாத பொருளைத் தானத்துக்கென்று தேர்ந்தெடுக்கலாகாது என்ற கருத்தை மறையிலே படித்திருக்கிறோம். அழுகிய பேரீச்சம்பழத்துக்கு மட்டும் உரிய பாடமா அது?

'விஷயத்தைச் சொல்லியே கொடுத்துவிட்டால் என்ன?' என்று வினவலாம். வியாபாரத்தில் பொருளின் குறையை மறைக்காமல் சொல்லிவிட்டால் விற்றவர் பொறுப்பினின்று விலகுகிறார். ஆனால் விலை கொடுத்து வாங்குபவன் வேண்டாமென்று போகக்கூடியவன். ஒழுகும் கொட்டகையில் இருப்பவனோ எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். மேலும் அந்த ஷீட்டு அப்படியே அங்கே பொருந்தாது. சட்டம் வேறு, அளவு வேறு. பையன்கள் கட்டிங் மெஷினை இரவல் வாங்கி, கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அறுப்பார்கள். அத்தூசி அறுப்பவனையும் அருகில் சோறு பொங்குபவனையும் சேரும். அடங்கிக் கிடந்த நார் முழுவதும் வெளிப்படுவது அந்த அரை மணி நேரத்தில்தான். தர்மம் செய்தவர் அந்நேரத்தில் தம் வீட்டில் புதுத் தளத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்.

நம் சட்ட அறிஞர்கள் தீங்கை நேரே செய்தவனையும் அதற்குக் காரணமாய் இருந்தவனையும் பிரித்துப் பேசுவர். முன்னவனை முபாஷிர் என்றும் பின்னவனை முதஸப்பிப் என்றும் கூறுவர். பொதுவாக நேரே செய்தவன்மீதே பொறுப்பு விழும். ஆனால் பொதுவழியில் அனுமதியின்றிக் கிணறு தோண்டிவிட்டுப் போனவனை அவர்கள் விடவில்லை. விழுந்தவன் யாரென்று அவன் அறியான். விழுந்தபோது அவன் அங்கில்லை. இருந்தும் பொறுப்பு அவனுடையது. ஏரிக்கரையில் கொட்டிய உடைந்த ஷீட்டும், சேற்றுப் பாதையை நிரப்பப் போட்ட துண்டும், கோழிக்கூட்டுக்கு மூடியாக அடுத்த வீட்டுக்குப் போனதும் இத்தகைய கிணறுகளே என்பது நம் கருத்து. ஒரு தீங்கை நீக்குவதென்பது அதே தீங்கை இன்னொருவர்மீது ஏற்றுவதாகாது என்றும் அவ்வறிஞர்கள் விதி வகுத்துள்ளனர். கழற்றுகிறவர் பலர் செய்வது நீக்குதல் அன்று, இடம் மாற்றுதல்.

கூலியாளைக் குறித்தும் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிற்சாலைத் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலை தொடங்கியதிலிருந்து நாற்பதாண்டு, அல்லது வேலையிலிருந்து விலகியபின் பதினைந்தாண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நோய் தாமதித்து வருவதை நீதிமன்றம் உணர்ந்து சொன்ன தீர்ப்பு அது. நம் சார்ப்பைப் பிரிக்க வரும் சித்தாளுக்கு எந்தப் பதிவேடு உண்டு? இன்று இங்கே, நாளை வல்லத்தில், அடுத்த மாதம் வேறு மாநிலத்தில். அவன் நோயுறும்போது நம் வீடு அவன் நினைவிலும் இராது. அதனாலேயே, கேட்க யாருமில்லாத அந்த ஒரு நாளில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது முக்கியமாகிறது.

அந்நாளில் செய்ய வேண்டியவை இவை. பார்வையை மட்டும் கொண்டு கல்நார் உண்டா இல்லையா என்று கூற இயலாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியால்தான் அறியலாம். சோதிக்காத பழைய சிமெண்டு ஷீட்டும் சிமெண்டு மழைநீர்க் குழாயும் கல்நார் உடையவை என்றே கொள்வது நலம். வேலை தெரிந்த மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி, உடைத்துத் தள்ளும் வழக்கத்தை விலக்கச் செய்ய வேண்டும். ஷீட்டின்மேல் காலூன்றக் கூடாது; முறிந்து விழுந்து இறந்தவர் உண்டு. பிள்ளைகளையும் முதியோரையும் அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சிறிது சோப்புக் கரைத்த நீரை மெல்லத் தெளித்து நனைத்து, ஜே-போல்ட்டுகளைக் கழற்றி, முழு ஷீட்டாகக் கை மாற்றிக் கை இறக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை வெட்டலாம், ஷீட்டை வெட்டலாகாது. கைக்குட்டையும் மருத்துவமனை முகமூடியும் இதற்குப் பயன்படா. பி-100 வகை வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். கூலியோடு அதையும் வாங்கித் தருவது வீட்டுக்காரர் கடமை. விழுந்த தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வேலையாட்கள் அங்கேயே குளித்து உடை மாற்றிச் செல்ல இடம் தர வேண்டும். அந்த உடையை உதறாமல் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும். பீடி, சிகரெட் பழக்கமுடையவரை இவ்வேலைக்கு அழைக்காமலிருப்பது மிக நன்று. புகையும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பன்மடங்காகும்.

பிறகு அந்த இருபது ஷீட்டு. தடித்த பாலிதீன் தாளில் இரட்டையாய்ச் சுற்றி ஒட்டி, ஆடுமாடும் பிள்ளைகளும் அணுகாத ஓரிடத்தில் தம் நிலத்திலேயே வைத்துக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயக் கழிவுகளைப் பாதுகாப்பாய்ப் புதைக்கும் நிலையம் உண்டு. ஒரு வீட்டுக்காக வண்டி அமர்த்துவது சிரமம்தான். மஹல்லாவில் பத்து வீட்டார் சேர்ந்தால் சுமை குறையும். ஜமாஅத் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம். ஷாமியானாவும் சமையல் பாத்திரமும் பொதுவில் வைத்திருக்கிறோமல்லவா? புதுத் தளத்துக்குச் செலவு கணக்கிடும்போதே இந்தச் செலவையும் அதில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். வண்டி வரும்வரை கட்டின்மேல் உள்ளே இருப்பது இன்னதென்றும், பிரிக்கக் கூடாதென்றும் தமிழிலும், வேலைக்கு வரும் பையன்கள் படிக்கும்படி ஹிந்தியிலும் எழுதி வைக்க வேண்டும்.