மோசம் போனவர் மோசம் செய்யலாமா?

அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் மஹல்லாவாசிதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காக்கா என்றுதான் அழைப்பேன். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்று ஆரம்பித்தவர், மஸ்அலாவுக்கு வருவதற்கு முன் கால் மணி நேரம் தம் கதையைச் சொன்னார்.

ஒன்பது மாதங்களுக்கு முன் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். நகரத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வியாபாரம் செய்யும் ஓர் இடத்தில் வாங்கியது. விலை 4,60,000 ரூபாய். கைப்பணம் 1,10,000 போக, மீதி 3,50,000 ரூபாயை ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்தது. மாதத் தவணை 9,700 ரூபாய்க்கு மேல். நான்கு வருடம் கட்ட வேண்டும். வயதான தாயாரை மாதம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காகவே வாங்கினாராம்.

மூன்றாம் மாதமே வண்டி நடுவழியில் நின்றது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஒரு மெக்கானிக் மாற்றி இன்னொரு மெக்கானிக். கடைசியாக ஒருவர் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அடியில் காய்ந்த சேறு. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் அதில் தண்ணீர்க் கறை. வயர் இணைப்புகளில் பச்சை பூத்துக் கிடந்தது. வண்டியோ சென்னைப் பதிவெண். பழைய இன்சூரன்ஸ் விவரத்தை விசாரித்ததில் விஷயம் வெளிப்பட்டது: 2023 டிசம்பர் மாத வெள்ளத்தில் மூழ்கி, முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குத் தீர்த்துவிட்ட வண்டி அது. அதை யாரோ வாங்கி, கழுவி, உலர்த்தி, மெழுகு பூசி, தண்ணீர் ஏறாத ஊர்க்காரர் தலையில் கட்டிவிட்டார்கள். (அதே டிசம்பரில் எங்கள் கடற்கரைப் பக்கமும் வெள்ளக்காடாகத்தான் இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யார் மறப்பார்கள்?)

சரிப்படுத்த 85,000 ரூபாய் ஆகும், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது என்றாராம் மெக்கானிக். இந்த நிலையில் வண்டியைப் பார்த்துவிட்டு ஒருவர் நான்கு லட்சத்துக்குக் கேட்டிருக்கிறார். வெள்ளத்தில் மூழ்கியது என்று சொன்னால் இரண்டேகால் லட்சம் கிடைப்பதே பெரிது. பாக்கிக் கடன் மட்டுமே மூன்று லட்சம் இருக்கிறது.

"நான் பொய் சொல்ல மாட்டேன் ஹஜ்ரத். அவர் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கேட்காததையும் நானாகப் போய்ச் சொல்ல வேண்டுமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே!"

இதுதான் அவர் கொண்டு வந்த மஸ்அலா. கிதாபைப் புரட்ட வேண்டிய அவசியமில்லாத கேள்விதான். இருந்தும் உடனே பதில் சொல்ல என் நாக்கு எழவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அநியாயம் செய்ய வந்தவரல்லர், அநியாயத்துக்கு ஆளாகி வந்தவர். "சொல்லித்தான் ஆக வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தின் விலை அவருக்கு 1,75,000 ரூபாய். சொல்கிற எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை.

கேட்காததைச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி காக்காவின் கேள்வி மட்டுமன்று. நம் நாட்டில் இன்றும் நடப்பில் உள்ள 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்பது அதன் பொது விதி. உதாரணமும் காட்டுகிறது: ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான், அது நோய்ப்பட்டது என்பது அவனுக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை, அது மோசடியன்று. அடுத்த உதாரணந்தான் என்னை வியக்க வைத்தது. அதே குதிரையை வாங்குபவள் விற்பவனின் மகளாகவும், அப்போதுதான் உரிய வயதை அடைந்தவளாகவும் இருந்தால், அந்த உறவின் காரணமாக அவன் குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. ஊரானுக்குச் சொல்ல வேண்டாம், மகளுக்குச் சொல்ல வேண்டும்!

நம் ஷரீஅத் அந்த மகளுக்குரிய உரிமையைச் சந்தையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வியாபாரி ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மழை அவர் வரவழைத்ததன்று. அவர் செய்ததெல்லாம் காய்ந்ததை மேலே பரப்பியதுதான். வெள்ளத்தில் மூழ்கிய காரின் மீது புதுச் சீட் உறை போடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பால் மடியைக் கட்டி, இரண்டு மூன்று நாள் கறக்காமல் வைத்து, நிறையப் பால் தரும் ஆடு என்று காட்டி விற்பதையும் அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், திருப்புவதானால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் சேர்த்துத் திருப்பலாம். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும் இன்றைய கைவேலைக்கு இந்த ஹதீஸே போதும்.

காக்கா விடவில்லை. "உள்ளது உள்ளபடி, பின்னால் எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டால்?" என்றார். அவரிடமும் அப்படித்தான் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

இதுவும் பழைய கேள்விதான். ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையின் பேரில் ஓர் அடிமையை 800 திர்ஹமுக்கு விற்றார்கள். வாங்கியவர் பின்னர், அடிமைக்கு நோய் இருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை என்று வழக்கிட்டார். வழக்கு கலீஃபா உதுமான் (ரலி) அவர்களிடம் சென்றது. நிபந்தனை இருப்பதால் வழக்கு செல்லாது என்று கலீஃபா தள்ளிவிடவில்லை. விற்றபோது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யும்படி இப்னு உமருக்குத் தீர்ப்பளித்தார்கள். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நோய் குணமான பிறகு அதே அடிமை 1,500 திர்ஹமுக்கு விலை போனதாகவும் வரலாறு இருக்கிறது. எழுதி வாங்கிய காகிதத்தைத் தாண்டி, "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்ற கேள்விக்கே அந்தத் தீர்ப்பு போகிறது. நமது ஷாபிஈ மத்ஹபில் இத்தகைய நிபந்தனை பிராணிகளிடம் உள்ள, விற்பவர் அறியாத உள்குறைக்கு மட்டுமே செல்லும். மற்றப் பொருள்களுக்குச் செல்லாது. ஹனபி மத்ஹபில் நிபந்தனை செல்லும். ஆனால் தெரிந்த குறையை மறைத்த பாவம் அதனால் நீங்காது. எந்த மத்ஹபைப் பற்றி நின்றாலும் காக்காவுக்குச் சேறு தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக்கும் நிபந்தனை எந்தக் கிதாபிலும் இல்லை.

தயங்கியபடி இன்னொன்றும் சொன்னார். வாங்க வருபவர் நம்மவரல்லராம். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலிமா சொன்னவனை ஏமாற்றினால் ஹராம், சொல்லாதவனை ஏமாற்றினால் ஹலால் என்று எந்த மதரஸாவிலும் ஓதிக் கொடுக்கவில்லை. மனிதர்களுக்கு அவர்களுடைய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் எச்சரித்தது தம்மை ஏற்காத சமுதாயத்தின் சந்தையில் நின்றுகொண்டுதானே!

இனி ஃபைனான்ஸ் விஷயம். வட்டிக்குக் கடன் வாங்கியது பற்றி அவரிடம் சொல்ல வேண்டியதைத் தனியே சொன்னேன். அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே என்று வாதிட்டவர்களைக் குர்ஆன் மறுத்ததை ஓதுகிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வாலிபர்கள் கேட்கும்போது நாம் நீளமாகப் பேசுகிறோம். பழுதான கார் ஒன்று அதை எளிதாகக் காட்டிவிடும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் தவணை வந்தாக வேண்டும். அது வண்டியை விற்கவில்லை, பணத்தைக் கொடுத்தது, ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயரைப் பதிந்துகொண்டது, அவ்வளவுதான். லாபத்தில் பங்கு, பழுதில் பங்கில்லை. ஷரீஅத்தோ, ஒரு பொருளின் பலன் அதன் பொறுப்பைச் சுமப்பவருக்கே என்று விதிக்கிறது. அல்கராஜு பிள்ளமான் என்று மதரஸாவில் மனனம் செய்கிறோமே, அதுதான். முராபஹா முறையில் கொடுப்பவர் முதலில் பொருளைத் தாமே வாங்கி, தம் பொறுப்பில் எடுத்த பிறகே லாபம் வைத்து விற்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். அப்படி விற்றிருந்தால் சேற்றுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியவராவார்.

பிரிட்டனில் தவணைக் கொள்முதல் முறையில் கார் வாங்கினால் கடைசித் தவணை வரை ஃபைனான்ஸ் கம்பெனியே உரிமையாளர். ஆகவே 2015ஆம் வருட நுகர்வோர் சட்டப்படி குறைக்கும் அந்தக் கம்பெனியே பொறுப்பு. முதல் 30 நாளுக்குள் குறை தெரிந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, இல்லையென்று நிரூபிக்கப்படாத வரை, கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். வட்டி அங்கும் வட்டிதான். ஆனால் உரிமையை வைத்திருப்பவன் பொறுப்பையும் வைத்திருக்க வேண்டும் என்ற நியாயம் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நம் காக்காவின் கடன் அப்படிப்பட்டதன்று. கார் விற்றவர் மீதுள்ள கோபத்தில் தவணையை நிறுத்தலாமா என்றும் கேட்டார். கூடாது என்றேன். கம்பெனி அவரிடம் பொய் சொல்லவில்லை. அவர் சார்பில் பணம் கொடுத்தது. நிறுத்தினால் வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள். கையிலிருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும்.

பிறகு என்னதான் வழி? கீழே தள்ளாமல் மேலே போவதுதான். அவருக்கு விற்றவர் தனி மனிதரல்லர், வியாபாரி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அதன் இடத்தில் 2019ஆம் வருடச் சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. சோதித்துப் பார்க்காமல் குறையை முடிவு செய்ய முடியாதென்றால் ஆணையமே தகுந்த சோதனைக்கு உத்தரவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வாங்கியிருந்தால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். வியாபாரியிடம் வாங்கியதால் திறந்திருக்கிறது.

இங்கே மார்க்கமும் ஒரு நிபந்தனை வைக்கிறது. குறை தெரிந்த பிறகும் பொருளைத் தன் சொந்தம் போலவே அனுபவித்தால், அல்லது விற்பனைக்கு முன்வைத்தால், அது குறையைப் பொருந்திக்கொண்டதற்கு அடையாளம். திருப்பும் உரிமை போய்விடும். ஷாபிஈ மத்ஹபில் தெரிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப முனைய வேண்டும். முரட்டுப் பிராணியை இழுத்துச் செல்ல முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் ஏறிச் செல்வது மன்னிக்கப்படும் என்று கிதாபில் சொல்லும் அளவுக்கு இதில் நுணுக்கம் பார்த்திருக்கிறார்கள். காக்கா சேற்றைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "அன்றே ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே" என்றேன். "அலைச்சலுக்குப் பயந்துவிட்டேன்" என்றார். நம்மில் எத்தனை பேர் இப்படிச் சும்மா இருந்தே உரிமையை இழக்கிறோம்!

முதலில் வண்டியைப் பார்த்துக் கொடுத்த மெக்கானிக் நம் மஹல்லாக்காரர். அன்றைக்கே அவருக்குச் சந்தேகம் தட்டியதாம்; வியாபாரத்தைக் கெடுப்பானேன் என்று வாய் மூடிவிட்டாராம். வாஸிலா (ரலி) அவர்களின் சம்பவத்தை அவரிடமும் போய்ச் சொன்னேன். யாரோ விற்ற ஒட்டகத்தை யாரோ வாங்கிச் சென்றார். வாஸிலா அவர்கள் பின்னாலேயே ஓடிப்போய், இறைச்சிக்கா பயணத்துக்கா என்று கேட்டு, பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. வியாபாரத்தைக் கெடுத்தீரே என்று அவர் சடைத்துக்கொண்டபோது, விற்பவர் மட்டுமன்று, அறிந்தவரும் சொல்லியாக வேண்டும் என்ற நபிவழியை எடுத்துக் காட்டினார்கள். மெக்கானிக் கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னர், தாம் பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகச் சொன்னார்.

காக்கா நான்கு லட்சத்துக்குக் கேட்டவரை அழைத்து விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். முறையீட்டு மனுவை நாங்கள் இருவரும் இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து மூன்று இரவுகளில் எழுதினோம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. தவணை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. தாயாரை ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்.