'நலம்' என்றொரு சொல்

"பொய் பேசாதே!" என்று பிள்ளைக்குக் கற்பிப்பவர் பெற்றோர். அந்தப் பெற்றோரே பிள்ளைக்குப் பொய்யை எழுதி அனுப்பினால்? ஒருமுறையன்று, கடைசி மடல் வரையில் எழுதினால்? குற்றம் என்போமா, அறம் என்போமா? பொழுதுபோக்குக்குக் கேட்கும் கேள்வியன்று இது. ஐரோப்பாவின் யூதப் பெற்றோர், உயிரை ஈந்து எழுப்பிச் சென்ற கேள்வி!

1938 நவம்பர் 9, 10. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்தம் தொழுகைக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின, ஏறத்தாழ 30,000 ஆடவர் சிறைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அதன் பின்னரே பிரிட்டன் கதவைத் திறந்தது. கதவையா? இல்லை, சன்னலை! 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரலாம். பெற்றோர் உடன்வருதல் கூடாது! 1938 டிசம்பர் 2-இல் முதற்குழு ஹார்விச் துறைமுகத்தில் இறங்கிற்று. போர் மூளுமுன் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். அமெரிக்காவிலோ, 20,000 குழந்தைகளை ஏற்கக் கோரிய 1939-ஆம் ஆண்டு மசோதா, மன்றத்தின் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

தாய்மடி இழந்த பிள்ளைக்கு மடலே மடியாயிற்று. வேலை பறிபோனதை எழுதவில்லை தந்தை; வீட்டைவிட்டு விரட்டப்பட்டதை எழுதவில்லை தாய். "பாடம் படி, வளர்ப்போர் மனம் கோணாது நட, நாங்கள் நலம், விரைவில் சேர்ந்திருப்போம்" என்ற பொருளிலேயே எழுதினர். இரவெல்லாம் அழுத பிள்ளையும் "மகிழ்வாயிருக்கிறேன்" என்றே விடை விடுத்தது. பெற்றோருக்குச் சமையல் வேலையோ ஏவல் வேலையோ கிடைத்தால் நுழைவுச்சீட்டு கிட்டுமென்று, அந்நிய வீட்டுக் கதவுகளைத் தட்டித் திரிந்த சிறுவரும் உண்டு!

போர் மூண்டது, நேர் அஞ்சல் நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவமே பலருக்கு வழி. 25 சொற்களுக்கு மேல் இடமில்லை. தணிக்கையாளர் கண்ணுக்குத் தப்ப வழியில்லை. போய்ச்சேரத் திங்கள் பல ஆகும். 25 சொற்களில் ஒரு தாய் எதைத்தான் சொல்வாள்? 1941 அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து யூதர்களைக் கிழக்கே கடத்தும் வேலை தொடங்கியது. "பயணம் புறப்படுகிறோம்" என்று எழுதினர் பலர். எங்கே என்று எழுதவில்லை. பிறகு மடலே இல்லை!

இனி, மற்றொரு மடலைப் பாருங்கள். 1944-இல் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஹங்கேரி யூதர்களிடம் அட்டைகளைக் கொடுத்து, 'வால்ட்ஸீ' என்றொரு பொய்ப்பெயரை ஊராக இட்டு, தாங்கள் நலமென எழுதச் செய்தனர் நாஜிகள். எழுதியவருள் பலர், அட்டை ஊர்சேருமுன் நச்சுப்புகையில் மாண்டனர். ஊரிலிருந்தோர் ஐயமின்றி ரயிலேற அது தூண்டில்!

சொல் ஒன்றே: 'நலம்'. தாயின் கையில் அது போர்வை. கொலைஞன் கையில் அது கண்ணி. தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் தந்த அளவுகோல். அதன்படி தாயின் மடல் வாய்மை. வால்ட்ஸீ அட்டை பொய்.

"தாயின் மறைப்பும் தீங்கு செய்ததே! தன்னை வேண்டாமென்று அனுப்பிவிட்டனர் என எண்ணிப் புழுங்கி வளர்ந்த பிள்ளைகள் உண்டே!" என்று கேட்கலாம். உண்மைதான், அந்த வடுவை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் கணக்கு எவர் பேரில்? உண்மையை எழுதியிருந்தால், பத்து வயதுப் பிள்ளை அந்தச் சுமையை யாரிடம் இறக்கியிருக்கும்? உண்மை பேசும் உரிமையையே பறித்தவர் இருக்க, பறிகொடுத்தவளைக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.

விதி என்பர் சிலர். விதியன்று தோழர்களே, சட்டம்! பாட்டன் பாட்டியின் பிறப்பைக் கொண்டு மனிதனை அளந்த 1935-ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டம்; பிள்ளைக்கு இரங்கிப் பெற்றோரை மறுத்த குடியேற்ற விதிகள். மனிதக் கை எழுதியவை. மனிதக் கை தடுத்திருக்கக் கூடியவை. ஆகவே, அந்தத் தாயின் தியாகத்தைப் பாடிக் கண்ணீர் உகுப்பதோடு நம் கடமை தீராது. பிறப்பை அளக்கும் சட்டம் எங்கே தலைதூக்கினும், அது மசியாய் இருக்கும்போதே எதிர்த்து அழிப்போம். எந்தத் தாயும் அன்பின் பொருட்டுப் பொய் எழுத வேண்டாத உலகே அறத்தின் உலகு!