உபாத்தியாயரின் இளைப்பு

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்கும் அன்பர்காள், நாம் பட்டறிந்த ஒன்றைச் சொல்லத் துணிகின்றோம். பல்லாண்டு கற்பித்த பின் ஒரு காலத்திலே வகுப்பிற் புகும்போதே மனங் கசந்தது; மாணாக்கர் முகங்கள் பாரமாயின; வாய் தேவாரஞ் சொல்லிக்கொடுத்தது, உள்ளம் அங்கில்லை. சோம்பலென்று நம்மையே வைதுகொண்டோம். உலக சுகாதார நிறுவனமோ 2019ஆம் ஆண்டிலே இதனை நோயென்னாது, தொழிலின் ஓயாத நெருக்கத்தால் வரும் நிலையென வகுத்து, களைப்பு, தொழிலில் மனவிலகல், திறன் குன்றல் என மூன்று குறிகள் கூறிற்று. மூன்றும் நம்மிடத்தே இருந்தன.

விடுமுறை உடம்பை ஆற்றிற்று, மனத்தை ஆற்றவில்லை. பின்னர், மணிக்கூட்டைப் பார்த்து விரைந்து முடித்துவந்த அநுட்டானத்தையே மெல்லச் செய்யத் தொடங்கினோம். விபூதி தரிக்கும்போது அதனையே நினைந்தோம். திருவைந்தெழுத்தைச் செபிக்கையில் மனம் ஓடிற்று, மீட்டோம், மீண்டும் ஓடிற்று. ஓடியதை அறிதலே முதற்பயனென்பது நாட்பட விளங்கிற்று. நூற்றெட்டுரு முடிந்ததென்று மகிழ்ந்த நாள்களை நினைக்க இப்பொழுது நாணமாகின்றது.

அப்பர் சுவாமிகள் உழவாரங்கொண்டு திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினாரன்றோ? புல் மறுபடியும் முளைக்கும். முளைக்குமென்று அவர் படையைக் கீழே வைத்தாரல்லர். எழுத்தறியாப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வருதலும் அத்தகையதே.

இதனாற் பாரமெல்லாம் நீங்குமென்று சொல்லோம். மூவர் வேலையை ஒருவர்மேற் சுமத்துவோர் செபத்தைக் காட்டித் தப்பலாகாது. அதனை அவரிடத்தே வாய்திறந்து கேட்டலும் வேண்டும்.

இன்றும் வகுப்பு வாயிலிலே ஒரு மூச்சளவு நின்று, ஐந்தெழுத்தை நினைந்து உட்புகுகின்றோம். கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளையின் முகம் அப்பொழுது தெரிகின்றது.