மீண்டும் வந்த புற்றும் மனிதன் முகமும்

புற்றுநோய் என்றவுடனே மரணத்தை நினைப்பது நம் மக்களின் இயல்பு. ஆனால், 'பேசல் செல்' என வைத்தியர் வழங்கும் தோற்புற்று ஆளைக் கொல்வது மிக அரிது. அது மூக்கையும் இமையையும் சிறுகச் சிறுக அரித்துத் தின்னும். அறுத்தெறிந்த பின்னும் சிலருக்குத் திரும்ப வரும். அங்ஙனம் வந்தவர்க்கு எத்தகைய சிகிச்சை செய்வது நியாயம்?

புற்றையும் அதைச் சுற்றிச் சிறிது நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுப்பது வழக்கமான முறை. மற்றொன்று, அமெரிக்க வைத்தியர் பிரடெரிக் மோஸ் 1930-களில் வகுத்தது. மெல்லிய படலமாக அறுத்து, அதன் விளிம்பு முழுவதையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, புற்று எஞ்சிய இடத்தை மட்டும் மறுபடி அறுப்பர். வேலை நெடிது, செலவும் மிகுதி.

நெதர்லாந்தில், முகத்தில் மீண்டும் வந்த இப்புற்றுக்கு இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு, பத்தாண்டுக் கணக்கை 2014-இல் வெளியிட்டனர். வழக்கமான அறுவையில் நூற்றுக்கு 13.5 புற்று பின்னும் திரும்பியது. மோஸ் முறையில் 3.9.

ஏறக்குறையப் பத்துப் பேருக்காக நூறு பேருக்கும் இவ்வளவு செலவா என்று கேட்பாருளர். கேள்வி அற்பமன்று, பொதுப்பணம் அளவுடையது. ஆயினும், காலில் விழும் தழும்பும் கண்ணிமையில் நேரும் குறையும் ஒரே விலையாமோ? இரண்டு அறுவையில் மூக்கின் பாதியை இழந்தவர் மூன்றாவதற்குக் கொடுக்க என்ன மிச்சம்? உயிரோடிருப்பவரை மட்டும் எண்ணும் கணக்கு இவரையும் வெற்றியென்றே எழுதும். இவரோ வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப்புறம் திருப்பி வைத்திருப்பார். சிக்கனம் வேண்டுமாயின், முதுகில் முதன்முறை தோன்றும் சிறு புற்றுக்கு வழக்கமான அறுவையே பெரும்பாலும் போதும். முகத்தில் இரண்டாம் முறை கண்டவரிடம் சிக்கனம் பேச நாம் ஒருப்படோம்.