சேலையோடு ஒரு ஜாஸ் மேடை

கொழும்பில் பிறந்து லண்டனில் பாடிக்கொண்டிருந்தவர் யோலண்ட் பவன். 1962 இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற ஜாஸ் குழுவான லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் ரோஸிலிருந்து ஆனி ரோஸ் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் நம் ஊர்ப் பெண்.

இலேசான இடமல்ல அது. சாக்ஸபோனிலும் ட்ரம்பெட்டிலும் ஒருவர் மனம்போன போக்கில் வாசித்ததற்கு, ஸ்வரம் பிசகாமல் சொற்கட்டிப் பாடுவதுதான் அக்குழுவின் பாணி. கர்நாடக இசையில் சிட்டைஸ்வரத்துக்குச் சாகித்தியம் கட்டுகிறோமே, அதை ஓட்ட வேகத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடவும் இடமிராது.

ஊர்விட்டுப் போன இடத்தில் நாம் பேச்சை, உடையை, சிலவேளை பெயரையே மாற்றிக்கொள்கிறோம். பிழை சொல்ல வரவில்லை, வயிற்றுப்பாடு அப்படி. யோலண்டோ நியூயோர்க் மேடையில் சேலை கட்டி நின்றார். பாட்டு முழுக்க முழுக்க அமெரிக்க ஜாஸ்.

1964 இல் குழு கலைந்தது. அவர் நாடகம், சினிமா என்று நடித்தார். 1963 நியூபோர்ட் விழாவில் பாடியது இசைத்தட்டாக இருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டுக்குள் பாடிப் பழகும் பிள்ளை இருந்தால், ஒருதரம் போட்டுக் காட்டுங்கள்.