கதவுக்கு வெளியே இருப்பவர்கள்

அய்யா துணை.

அணைக்கட்டுப் பக்கம் ஒருவருக்கு நெஞ்சுவலி, பாம்புக்கடி, ரோட்டில் விபத்து என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ கொண்டு ஓடுகிறார்கள். நோயாளி ஐ.சி.யூ.வுக்குள் போனதும் கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே அவரைப் பார்க்க டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு. வெளியே துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் மனைவியை, தாயை யார் பார்ப்பது?

தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தர்மம் என்பது அய்யா வைகுண்டர் நமக்குத் தந்த போதனை. தாழ்வு காசில்லாமல் மட்டும் வருவதில்லை. அந்த வராந்தாவில் தோல் ஷாப்பில் கூலி வேலை செய்கிறவரும், வசதியானவரும், வங்காளத்திலிருந்து வந்து மொழி தெரியாமல் விழிப்பவரும் ஒரே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். முந்திரிக்கிணற்றில் எல்லா ஜாதியையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்த அய்யாவின் பிள்ளைகளுக்கு அந்த பெஞ்சு அந்நியம் இல்லை.

ஆனால் நல்ல மனசோடு போகிறவர்களே சில நேரம் புண்ணைக் கிளறிவிட்டு வருகிறார்கள். "எவ்வளவு கட்டினீங்க?", "அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே", "எல்லாம் விதி". மூன்று ராத்திரி தூங்காதவரிடம் சொல்லும் பேச்சா இது?

பிரான்சு நாட்டில் 22 ஐ.சி.யூ.க்களில் ஒரு சோதனை செய்து 2007-இல் வெளியிட்டார்கள். பிழைக்கமாட்டார் என்றாகிவிட்ட நோயாளிகளின் உறவினரில் ஒரு பிரிவினரிடம் டாக்டர்கள் வழக்கம்போல் பேசினார்கள். மறு பிரிவினரை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, கையில் ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். முதல் பிரிவில் உறவினர் பேசியது சுமார் 5 நிமிடம். அடுத்ததில் 14 நிமிடம். மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, கூடுதலாகப் பேசவிட்டவர்களுக்கே மனப்பாதிப்பு குறைவாக இருந்தது. கூடக் கொடுத்தது ஒன்பது நிமிடக் காது, அவ்வளவுதான். அன்னதானம் செய்யும் நமக்கு இந்தத் தானம் கஷ்டமா?

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பதியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை, வாயில் குழாய் போட்டிருக்கும் நோயாளிக்கு ஒரு சொட்டு கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. திருமண்ணையும் நர்ஸைக் கேட்காமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியே இருக்கும் அம்மாவின் நெற்றியில் நாமம் இடுங்கள், அந்தத் தண்ணீரை அவர் குடிக்கட்டும். காலையிலிருந்து அவர் ஒன்றும் குடித்திருக்க மாட்டார்.

காகித வேலையில் கூட நில்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேட ஆள் வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர் என்றால் இ.எஸ்.ஐ. அட்டையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். டாக்டர் வந்து பேசும்போது பதட்டத்தில் பாதி காதில் விழாது; பக்கத்தில் நின்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

போக முடியாதவர்கள் ஊரிலேயே செய்யலாம். அந்த வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ராத்திரி உங்கள் வீட்டில் படுக்க வையுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள் என்று வேலூரில் இருக்கும் அந்தத் தாய்க்கு ஒரு போன் செய்யுங்கள்.

அய்யா உண்டு.